சைவக் குடும்பத்துக்கு மட்டும்

நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. வண்டிச் சத்தம் கிடையாது, புகை கிடையாது. நல்ல காற்று, பக்கத்திலேயே தண்ணீர். அங்கே வாடகைக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அந்த மரத்தில் ஒரு மரங்கொத்தி பாடுபட்டுக் கொத்தி இரண்டு பொந்துகள் செய்திருந்தது. மேல் பொந்தில் தன் மனைவியோடும் மூன்று முட்டைகளோடும் குடியிருந்தது. கீழ்ப் பொந்து வாடகைக்கு. வாடகை, நாளுக்கு ஒரு கொழுத்த புழு. ஆனால் குடிவருகிறவர்கள் சுத்த சைவமாக இருக்க வேண்டுமாம்! புழு தின்கிற வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டம் எதற்கு என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஒரு நாள் காலையில் புள்ளி ஆந்தை ஒன்று தன் மனைவியோடு வந்தது. நகரத்தில் அவை இருந்த மாமரத்தை வெட்டிவிட்டார்கள். நாலு நாளாக இரண்டும் ஒரு மதில்மேல் உட்கார்ந்து காக்கைகளிடம் கொத்து வாங்கிக்கொண்டிருந்தன.

"சார், வீடு காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"எத்தனை பேர்?"

"நானும் என் வீட்டம்மாவும்தான். பகல்ல தூங்கிடுவோம், சார். சத்தமே இருக்காது!"

"என்ன சாப்பிடுவீங்க?"

ஆந்தை தயங்கியது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குப் பொய் வரவில்லை.

"வண்டு, பூச்சி... கிடைச்சா எலி."

"எலியா! ஐயையோ! வேற எங்கயாவது பாருங்க!"

அந்த நேரம் பார்த்து வேர் மறைவிலிருந்து ஒரு குரல் கேட்டது. பேசியது ஒரு கொழுத்த எலி.

"ஐயா, நான் சுத்த சைவம்! வேர்க்கடலை, கிழங்கு, நெல்லு. வெள்ளிக்கிழமையானா அதுவும் கிடையாது!"

மரங்கொத்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இன்னைக்கே வந்து பால் காய்ச்சிடுங்க!" என்றது.

ஆந்தைகள் சிறகை விரித்தன. மரங்கொத்தியின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, உண்மையைச் சொன்னதுக்காகவா துரத்துறீங்க? பின்பக்கம் பட்டுப்போன கிளையில ஒரு பழைய பொந்து இருக்கே! மழை வந்தா ஒழுகும். ஆனாலும் தலை சாய்க்க ஒரு இடமாச்சே!"

மரங்கொத்தி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது. ஆந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்மா! இதுவே எங்களுக்கு ரொம்பப் பெரிசு!" என்றது. அன்று முதல், யாரும் கேட்காமலே, விடிந்ததும் ஒன்றுக்கு இரண்டு புழுவாகக் கொண்டுவந்து வைத்தது.

ஒரு வாரம் போயிற்று. ஒரு நாள் உச்சி வெயிலில், மரங்கொத்தி இரை தேடப் போயிருந்தது. தாகம் தாங்காமல் அதன் மனைவி ஏரிக்குப் போய் இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது. பார்த்தால், பொந்துக்குள் பாதி எலி! வால் மட்டும் வெளியே ஆடியது.

"ஐயோ, என் முட்டை!"

"முட்டையெல்லாம் சைவத்துலதான் சேரும், அக்கா!" என்றது உள்ளேயிருந்து எலி.

அலறல் கேட்டு ஆந்தை தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தது. வெயிலில் கண் கூசியது. ஆனாலும் பாய்ந்து வந்து எலியின் வாலைக் கவ்வி ஒரே இழுப்பு! எலி தொப்பென்று கீழே விழுந்தது. எழுந்து ஓட்டம் பிடித்தது; அந்த ஏரிக்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று முட்டைகளும் பத்திரமாக இருந்தன.

மாலையில் மரங்கொத்தி பட்ட கிளைக்குத் தலைகுனிந்து வந்தது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை, சார்!"

"நாங்கதான் சொல்லணும். நாலு நாள் மதில்மேல கிடந்தோம். கூப்பிட்டு இடம் கொடுத்தது உங்க வீடு மட்டும்தான்!" என்றது ஆந்தை.

மறுநாளே ஆந்தைகள் கீழ்ப் பொந்துக்குக் குடிவந்தன. சில நாளில் மூன்று குஞ்சுகளும் பொரிந்தன. எந்நேரமும் பசி, பசி என்று கத்தின. மரங்கொத்தியும் மனைவியும் சேர்ந்து இரை தேடப் போக வேண்டியதாயிற்று.

மரங்கொத்தி கீழே இறங்கி வந்தது.

"சார், குழந்தைங்களை உங்களை நம்பி விட்டுட்டுப் போறோம். கொஞ்சம் பார்த்துக்குவீங்களா?"

ஆந்தை தலையை ஆட்டிவிட்டு, மேல் பொந்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு ஒருவரை எடை போடாதீர்கள். தனக்கு நஷ்டம் வந்தாலும் உண்மையைச் சொல்கிறவரே நம்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தக்கவர்.