சளக் சளக் என்று மென்ற கரிச்சான்

துடுப்புவால் கரிச்சான் குருவி ஒன்று காட்டில் இருந்தது. பேர் சலம்பன். கேட்ட குரலெல்லாம் அவன் தொண்டையில் ஏறிக்கொள்ளும். புலியைப் போல உறுமி மானை ஓட வைப்பான். மானைப் போலக் கத்திக் குரங்கை மரமேற்றுவான். சாப்பாட்டில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. ஒரு காட்டெருமையின் முதுகில் ஏறிக்கொண்டு, அவள் நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்புகிற வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்பான். அவள் அதிகம் பேசமாட்டாள். "கூசுது, தள்ளி உட்காரு" என்பாள், அவ்வளவுதான்.

ஒரு கோடையில் அவள் வயிற்றுக்குள் யாரோ பேசுவது கேட்டது. சலம்பன் விலாவில் காதை வைத்தான்.

"யாரு உள்ளே?"

"கிருமிங்க, தம்பி. என் பேரு பொடிச்சி. இவ தின்கிற புல்லை நாங்க அறுத்துக் கரைச்சாத்தான் இவளுக்குச் சத்து."

"எத்தனை பேரு இருக்கீங்க?"

"அது புல்லைப் பொறுத்தது. மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, மளமளன்னு பெருகுவோம். இப்போ ஆமை வேகம்தான்."

"ஏன், சோம்பலா?"

"போடா. எனக்குள்ளே ரைபோசோம்னு பொடிப்பொடி வேலைக்காரங்க இருக்காங்க. மணி மணியாக் கோத்துப் புரதம் பண்ணுவாங்க. அவங்க நிறைய இருந்து, கோக்க மணியும் இருந்தா, நான் வேகமா வளருவேன்."

"அந்த ரைபோசோமுக்கு வேணுங்கிற புரதத்தை யாரு கோக்கிறது?"

"அவங்களேதான்."

"சமையல்காரனே சமையல்காரனைச் சமைக்கிறானா! அப்போ அதையே பண்ணித் தள்ள வேண்டியதுதானே?"

"புல் அறுக்கிற அரிவாளும் புரதம்தானே? அதையும் அவங்கதான் பண்ணணும். அறுத்தாத்தான் மணி வரும். இளம்புல்லுக்கு அரிவாள் கொஞ்சம் போதும், ரைபோசோமைக் கூட்டிக்கலாம். காய்ஞ்ச புல்லுக்கு அரிவாள்தான் நிறைய வேணும்."

"உள்ளே ஒரே இருட்டாச்சே. என்ன புல்லுன்னு எப்படித் தெரியும்?"

"மெல்லுற சத்தம்தான். இளம்புல்னா சளக் சளக். காய்ஞ்சதுன்னா நறுக் நறுக்."

இதைப் பொடிச்சி வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காட்டெருமை காய்ந்த புல்லை மெல்லத் தொடங்கியதும் சலம்பன் அவள் தொண்டையருகே குனிந்தான். "சளக் சளக், சளக் சளக்." என்னதான் நடக்கும் பார்ப்போமே என்றுதான்.

உள்ளே ஒரே கொண்டாட்டம். "மழை வந்தாச்சு, ரைபோசோமைக் கூட்டுங்க" என்றாள் பொடிச்சி. இருந்த மணியெல்லாம் அதற்கே போயிற்று. புது அரிவாள் ஒன்றுகூடச் செய்யவில்லை. இருந்தவை தேய்ந்தன. வந்து விழுந்ததோ காய்ந்த புல்.

காட்டெருமையின் வயிறு பானையாக உப்பியது. இரண்டு அடி வைத்தாள், படுத்துவிட்டாள். அவளுடைய கூட்டம் அவளை விட்டு மேட்டுக்கு நகர்ந்துவிட்டது. தூரத்தில் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

"பொடிச்சி, என்ன ஆச்சு?"

"வேலைக்காரங்க வரிசையா நிக்கிறாங்க தம்பி. கோக்கத்தான் மணி இல்லை. சளக் சளக்னுதானே கேட்டுச்சு?"

"அது நான்தான் அக்கா."

"அடப்பாவி." பொடிச்சி சொன்னாள்: "கூடுதலா இருக்கிற ரைபோசோமைப் பிரிச்சு மணியாக்கி அரிவாள் பண்ணணும். நேரம் ஆகும். அதுவரைக்கும் இவளைப் பார்த்துக்கோ."

செந்நாய்கள் வந்துவிட்டன. சலம்பன் பக்கத்து மரக்கிளைக்குப் பறந்து, அங்கிருந்தபடியே புலியாக உறுமினான்.

தலைவன் நாய் அண்ணாந்து பார்த்தது. "புலி எப்போதிலிருந்து மரக்கிளையில் கூடு கட்டுது?"

மற்ற நாய்கள் சிரித்தன. வேறு வழியில்லை. சலம்பன் இறங்கிப் புதருக்குள் நுழைந்தான். தரையோடு தரையாக, கல்லும் அதிர்கிற மாதிரி உறுமினான். நாய்கள் பின்வாங்கின. ஒன்று மட்டும் சந்தேகப்பட்டு மூக்கை நுழைத்தது. லபக்! அவன் வாலின் ஒரு துடுப்பு அதன் வாயோடு போயிற்று. சலம்பன் உறுமலை நிறுத்தவில்லை.

அப்போது பின்னாலிருந்து பெரிய ஏப்பம் ஒன்று கேட்டது. காட்டெருமை எழுந்து நின்று கொம்பை ஆட்டினாள். நாய்கள் வந்த வழியே ஓடின.

"வால்ல ஒரு துடுப்பு எங்கேடா?" என்றாள் அவள்.

"உங்க வயித்துக்குக் கொடுத்தேன் அக்கா."

மழை வந்தது, இளம்புல் முளைத்தது. சளக் சளக்.

"டேய், நீயா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"நான் இல்லை. நிஜப் புல்லு."

பொடிச்சி முதல் கவளம் வந்து விழும்வரை பொறுத்தாள். அதை அறுத்துப் பார்த்தாள். பிறகுதான் ஒரு ரைபோசோமைக் கூட்டினாள்.

வந்த தீனிக்கு ஏற்பக் கூட்டிய ஆள் வளர்ச்சி. வரும் என்ற சத்தத்தை நம்பிக் கூட்டிய ஆள் பாரம்.