மஞ்சள் பொட்டு வைத்த ஓடம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது செல்லக்கிளி அக்கா. என் மூத்த பிள்ளை பிறந்த ஐப்பசி மாதம், பிரசவ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். வெளியே விடாத மழை. பாலத்தின் மேல் வெள்ளம் போய் பஸ் நின்றுவிட்டது. என் அம்மா வந்து சேரவில்லை. நான் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"கதவைப் பார்த்தா அம்மா சீக்கிரம் வந்துருவாங்களா? இந்தப் பக்கம் திரும்பு, ஒரு கதை சொல்றேன்" என்றார் அக்கா. அவர் சொன்னதை என் வாய்க்கு வருகிறபடி சொல்கிறேன். கேளுங்கள், பிள்ளைகளா.

ஆற்றுக்கு மேல் பாலம் கட்டலாம் என்று யாரும் கனவுகூடக் காணாத காலம். அகலமான ஓர் ஆறு. அதன் கரையில் மருதந்துறை என்று ஓர் ஊர். ராஜா எங்கோ தூரத்தில் இருந்தார். ஊர்க் காரியங்களை ஊர்ச் சபைதான் பார்த்தது. எதிர்க்கரைக்குப் போக, வர, ஊருக்குப் பொதுவாக ஒரே ஓர் ஓடம் இருந்தது.

வருஷா வருஷம் புதுவெள்ளம் வருவதற்கு முன் அந்த ஓடத்துக்கு நீராட்டு நடக்கும். ஓடத்தை மணலுக்கு இழுத்துக் கட்டைகளின் மேல் ஏற்றி வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதன் உள்ளே ஊற்றுவார்கள். வெளிப்பக்கம் எங்கே கசிகிறதோ, அங்கே பெண்கள் மஞ்சள் பொட்டு வைப்பார்கள். பொட்டு வைத்த இடத்தையெல்லாம் தச்சர் அடைப்பார். ஊரே சுற்றி நின்று பார்க்கும். அதற்குப் பிறகுதான் ஓடம் தண்ணீரில் இறங்கும்.

ஒரு சமயம் சபைக்கு இந்த வேலையெல்லாம் பாரமாகத் தோன்றியது. நாகமாணிக்கம் என்ற வணிகரிடம் ஓடத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். வந்ததும் ஓடத்துக்கு வர்ணம் பூசினார். முன்பக்கம் ஒரு மயில் தலை வைத்தார். வெயில் படாமல் மேலே பந்தல் போட்டார். "இனிமேல் நீராட்டுக்கு யாரும் குடம் தூக்க வேண்டாம். எல்லாம் எங்கள் பொறுப்பு" என்றார். ஊர் சந்தோஷப்பட்டது.

மருதந்துறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டால் பிறகு அதை எட்டிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால், கிண்ணம் திரும்பி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்குவார்கள். மாட்டை வளர்க்கக் கொடுத்தால் அந்தத் தொழுவத்துப் பக்கமே போக மாட்டார்கள். எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையாம். அந்த மரியாதையை ஓடத்துக்கும் கொடுத்தார்கள். ஓர் ஆடி போயிற்று. இன்னோர் ஆடி போயிற்று. மூன்றாவது ஆடியும் போயிற்று. ஓடத்துக்கு உள்ளே யாரும் பார்க்கவில்லை.

அந்த ஊரில் மங்காத்தாள் என்று ஒருத்தி. கோரைப் பாய் பின்னிப் பிழைப்பவள். புருஷன் இல்லை. ஒரே மகள் அரும்பை எதிர்க்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். அரும்புக்கு அது தலைப்பிரசவம். அடுத்த வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் போகும் ஓடம் திரும்பும்போது அதில் மகளை வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தாயிற்று. மங்காத்தாள் பிரசவ மருந்து இடித்து வைத்தாள். பழைய சேலையைத் துவைத்துத் தொட்டிலுக்கு மடித்து வைத்தாள். மகளுக்கென்றே மெத்தென்று ஒரு பாய் பின்னினாள்.

மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறபோது ஒரு நாள் ஓடத்தில் அவளுடைய சேலை ஓரம் நனைந்தது. ஓடக்காரன் சடையன் துடுப்பை வைத்துவிட்டுத் தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினான்.

"என்ன சடையா, ஆத்தையே குடிக்குதா உன் ஓடம்?"

"போன வருஷம் ஒரு வாய் குடிச்சது, அத்தை. இந்த வருஷம் வயிறு முட்டக் குடிக்குது. நான் சொன்னா யாரு கேக்குறா? 'மயில் தலை வச்ச ஓடமப்பா இது'ன்னு சொல்றாங்க."

மங்காத்தாள் நாகமாணிக்கத்திடம் போனாள்.

"அதெல்லாம் என் மச்சானிடம் விட்டிருக்கேன், தாயி. வருஷம் தவறாமப் பார்த்துடுவான். நான் அவனை நம்புறேன், நீங்க என்னை நம்புங்க" என்றார் அவர்.

அங்கிருந்து சபைத் தலைவர் அம்பலவாணரிடம் போனாள்.

"கொடுத்தது கொடுத்தாச்சு, மங்கா. இப்போ போய் எட்டிப் பார்த்தா அவர் மனசு என்ன பாடுபடும்?" என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஓடத்தைக் கட்டை மேல ஏத்திட்டா லேசுல இறங்காது. தச்சர் கை வச்சா மாசம்கூட ஆகும். வேற ஓடமும் நமக்கு இல்ல. உன் மகள் வந்து சேரட்டும். அதுக்கப்புறம் பார்த்துக்கலாமே."

மங்காத்தாள் வீட்டுக்கு வந்தாள்.

சாமி விளக்கின் முன் உட்கார்ந்தாள். 'என் பிள்ளை வந்து சேர்ந்தாப் போதும்' என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் ஓடம் நடு ஆற்றில் இருக்கிறபோது என்ன ஆகும் என்று நினைத்தாள். சரி, என் மகளை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். அப்போது சந்தைக்குப் போகிற மற்றப் பிள்ளைகள் யார் பிள்ளைகள் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை.

விடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். ஓடம் மணலில் கிடந்தது.

"சடையா, அடியில ரெண்டு கட்டையைக் கொடு."

"என் சோத்துல மண்ணு விழும், அத்தை."

"விழுந்தா என் வீட்டுக்கு வா. கூழாவது ஊத்துறேன்."

சடையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு துணைக்கு ஆள் கூப்பிட்டுக் கட்டை கொடுத்து ஓடத்தைத் தூக்கினான். மங்காத்தாள் குடத்தை உள்ளே கவிழ்த்தாள்.

துணி துவைக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். "ஓடத்துக்கு ஆத்துத் தண்ணி பத்தாதுன்னு நீ வேற ஊத்துறியா, மங்கா?" என்றாள் ஒருத்தி. அவள்தான் சற்றுப் பொறுத்துத் தன் குடத்தையும் கொண்டுவந்து ஊற்றினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு ஊரே குடத்தோடு வந்தது.

முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒரு வரிசையாக விழுந்தது. பிறகு வர்ணம் பாளம் பாளமாக உரிந்து, உளுத்த பலகை வெளியே தெரிந்தது. பெண்கள் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டே போனார்கள். கொண்டுவந்த மஞ்சள் தீர்ந்தது. பொட்டு வைக்க வேண்டிய இடம் தீரவில்லை.

நாகமாணிக்கம் ஓடி வந்தார். பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஓடத்தில் போகிறவர் அவர். அவருடைய பெண்டு பிள்ளைகளும் அதில்தான் போனார்கள்.

மச்சானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் தன் கூட்டாளியிடம் விட்டிருந்தானாம். கூட்டாளி ஒரு தச்சனிடம் விட்டிருந்தானாம். அந்தத் தச்சனோ வேறு ஊருக்கே போய்விட்டானாம். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள்.

"நீங்க யாராவது ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தா, நானும் பயந்து பார்த்திருப்பேனே" என்றார் நாகமாணிக்கம்.

அம்பலவாணர் தலை குனிந்தார். "எட்டிப் பார்க்காதது மரியாதைன்னு நினைச்சோம். அது எங்க சோம்பேறித்தனம்" என்றார். ஓடத்தை அவர் வணிகரிடமிருந்து பிடுங்கவில்லை. குத்தகை உங்களிடமே இருக்கட்டும், நீராட்டு மட்டும் ஊருடையது என்றார். எந்த வேலையை யார் செய்கிறார் என்பதை இனி ஆற்றங்கரையில் எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும், ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார்.

எல்லாம் சரியாயிற்று. ஆனால் வெள்ளிக்கிழமை ஓடம் இல்லை.

சடையன் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திப் போய் அரும்புக்குச் செய்தி சொன்னான். பிள்ளை பிறந்தால் அந்தக் கரையில் உள்ள மருதமரத்தில் மஞ்சள் துணி கட்டச் சொல்லி மங்காத்தாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஊர்த் தச்சர் பலகை மாற்றிக்கொண்டிருந்தார். மங்காத்தாள் தினமும் கோரையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கே வந்து பாய் பின்னினாள். கை பின்னும், கண் எதிர்க்கரையில் இருக்கும். இப்போது வலி வந்திருக்குமோ, இடுப்பைப் பிடித்துவிட ஆள் இருக்குமோ, வெந்நீர் வைத்திருப்பார்களோ என்று மனம் ஓடும். ஆறு மட்டும் இரைந்துகொண்டு போகும்.

ஒரு நாள் காலையில் மரத்தில் மஞ்சள் துணி ஆடியது.

மங்காத்தாள் எழுந்து தண்ணீர் முழங்காலைத் தொடும் மட்டும் போய் நின்றாள். அந்தக் கரையில் ஒரு குழந்தை அழுதிருக்கும். ஆற்றுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. துணியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

ஓடம் தண்ணீரில் இறங்கிய நாளில் முதல் ஆளாக அவள் ஏறினாள். அரும்பு அவளைப் பார்த்ததும் அழுதாள்.

"வலி வந்தப்ப உன்னைத்தாம்மா கூப்பிட்டேன்."

"தெரியும்டி. அந்த ஓடத்துக்கு முதல் குடம் ஊத்தினது நான்தான்."

அரும்பு குழந்தையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். ஊர் திரும்பும்போது ஓடத்தில் மூன்று பேரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து வந்தார்கள். வெளிப்பக்கம், தண்ணீருக்கு மேலே தெரிந்த பழைய பலகைகளில் மஞ்சள் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. அரும்பு விளிம்புக்கு வெளியே குனிந்து, கைக்கு எட்டியதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாருடைய சேலையும் நனையவில்லை.

ஊர் வேலையை யார் கையில் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். அதைப் பார்க்கிற கண்ணை மட்டும் ஊர் யாரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது.

கதை இவ்வளவுதான், பிள்ளைகளா. நம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இப்போது வெளியாள் வைத்திருக்கிறார்களாம். என்னால் ஏணி ஏற முடியவில்லை. இந்தத் தடவை நீங்கள் வீட்டுக்கு வரும்போது, ஒரே ஒரு முறை மேலே ஏறி மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு வாருங்கள்.