புகைபோக்கிக்குப் பட்ட திருஷ்டி

கேளுங்கள் பூவணூர் அரண்மனைக் கூத்தை! ராஜா கோதண்டபூபதிக்குத் தொப்பை பெருத்துப் பெருத்து, அவரைக் கண்டாலே குதிரை லாயத்துக்குள் ஓட ஆரம்பித்தது. ராணி செல்லநாச்சியார் போட்டாரே ஓர் உத்தரவு! "இனி மகாராஜாவுக்குக் கஞ்சியும் கொள்ளு ரசமும்தான்." பாவம் மனுஷன்.

அந்த வாரமே அரண்மனைச் சமையலறையின் புகைபோக்கி மக்கர் செய்தது. அடுப்புக்கு மேலே கூடு, கூட்டுக்குள் ஆள் சுற்றும் விசிறி, அதிலிருந்து மொட்டைமாடிவரை குழாய். விசிறி சுற்றுகிறது, புகை மட்டும் மேலே போகமாட்டேன் என்கிறது. விருந்துப் பாயசத்தில் புகை நாற்றம்!

"நாளை மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் தலைமைச் சமையல்காரன் ஊரைவிட்டே போகட்டும்!" என்று ராஜா குதித்தார்.

சமையல்காரர் அம்மையப்பன், சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன குப்பாண்டியிடம் ஓடினார். "அண்ணே, மகள் நிறைமாதக் கர்ப்பிணி. அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?"

"அழாதேயப்பா, பார்க்கலாம்."

குப்பாண்டி விசிறியைப் பார்த்தார், பழுதில்லை. எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார், பலனில்லை. மாடியேறி, கயிற்றில் கல்லைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கினார். பாதி வழியில் 'டொக்' என்று நின்றது. அந்த இடம் ராஜாவின் படுக்கையறைச் சுவர்!

குப்பாண்டிக்கு விளங்கிவிட்டது. கஞ்சி குடித்த நாக்குக்கு வாசனையாவது கிடைக்கட்டும் என்று ராஜா சுவரில் குழாய்வரை ஓட்டை போட்டு, அதற்கு ஒரு மூடியும் வைத்திருக்கிறார். வாசனை மேலே ஓடிவிடாமலிருக்கக் குழாய்க்குக் குறுக்கே ஒரு பலகை வேறு! ராஜாவிடம் போய் அதைச் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்?

மறுநாள் காலை குப்பாண்டி ராணியிடம் போனார். "தாயே, புகைபோக்கிக்குத் திருஷ்டி பட்டிருக்கிறது. வீட்டு மகராசி கையால் மிளகாய் சுற்றிப்போட வேண்டும்."

ராணி சமையலறைக்கு வந்தார். முதலில் அம்மையப்பன் நெய்யில் முந்திரி வறுத்தார். மணம் கமகமவென்று கிளம்பியது. மேலே மூடி திறக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

"இப்போது சுற்றிப்போடுங்கள் தாயே! டேய், விசிறியை வேகமாகச் சுற்றுங்கடா!" என்றார் குப்பாண்டி.

ராணி கைநிறைய மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். சமையலறையில் ஒரு தும்மல் இல்லை.

"ஐயையோ, கமறவே இல்லையே! அப்படியென்றால் பலமான திருஷ்டிதான்," என்றார் ராணி.

"ஹச்ச்சூ! ஹச்ச்சூ!" மாடியே அதிர்ந்தது. கண்ணில் நீர் வழிய ராஜா தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். மூக்கைச் சுற்றி வட்டமாகக் கரி.

ராணி அந்தக் கரியையே உற்றுப் பார்த்தார். "குப்பாண்டி, யார் கண் பட்டது?"

"சேச்சே, யார் கண்ணும் படவில்லை தாயே," என்றார் குப்பாண்டி பணிவாக. "மூக்குதான் பட்டிருக்கிறது!"

ராஜா தும்மலுக்கு நடுவே விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டி கழுத்தில் போட்டார். "அம்மையப்பா, நீ எங்கேயும் போக வேண்டாம். பலகையை நானே எடுத்துவிடுகிறேன். அந்த முந்திரியை மட்டும் இப்படிக் கொண்டா!"

"அது எனக்கு," என்று ராணி தட்டை வாங்கிக்கொண்டார்.