நத்தைக்கு மீசை முளைத்தது

அந்தக் காலத்தில் காட்டில் ஒரு கதைக்கு ஒரு பாகம்தான் உண்டு. பறவையும் விலங்கும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மாலையானால் யாராவது ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். கதை முடிந்தால் முடிந்ததுதான். எழுந்து அவரவர் வழியே போய்விடுவார்கள். மறுநாள் வேறொருவர் வேறொரு கதை சொல்வார்.

மேற்கு மலையில் தேன்பாறை என்றொரு காடு. அங்கே ஒரு கரிச்சான் குருவி இருந்தது. மினுமினுவென்று கறுப்பு உடம்பு. நீளமான வால், அதன் இரண்டு ஓரத்து இறகுகளும் அகன்று பட்டுத்துணி போல அசையும். குரல் மட்டும் ரொம்பச் சின்னது. மெல்லிய சீழ்க்கை மாதிரி இருக்கும். அந்தக் குரலை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. கதை சொல்லச் சொல்லி அதை யாரும் அழைத்ததுமில்லை.

ஒரு வருஷம் கோடை காய்ச்சி எடுத்தது. ஓடை வற்றிக் கூழாங்கல் தெரிந்தது. கரிச்சான் தண்ணீர் தேடி மொட்டைப்பாறைப் பக்கம் பறந்தபோது, பாறை இடுக்கில் ஒரு தவளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. தவளைக்கு எதிரே ஒரு நத்தை ஓடு, வாய் மூடிக் கிடந்தது.

“யாரு இது?” என்று கேட்டது கரிச்சான்.

“என் சிநேகிதன். ஓட்டுக்குள்ள கொஞ்சம் தண்ணி வச்சுக்கிட்டு, இந்தப் பாறை முழுக்க நடந்தே வந்தான். எனக்குக் குடுத்துட்டு உள்ள போனவன் இன்னும் வெளிய வரல” என்றது தவளை.

“கூப்பிட்டுப் பாத்தியா?”

“கூப்பிடாம இருப்பேனா?”

கரிச்சான் பக்கத்தில் காய்ந்து நின்ற புதர்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியது.

பிறகு மழை வந்தது. சாதாரண மழையில்லை, கூட்டை விட்டுத் தலையை நீட்ட முடியாத மழை. அது ஓய்ந்ததும் கரிச்சான் முதல் வேலையாக மொட்டைப்பாறைக்குப் பறந்தது. தவளையும் இல்லை, ஓடும் இல்லை. வெள்ளம் பாறையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. என்ன ஆனதென்று சொல்ல அங்கே யாருமில்லை.

மனசு கேட்காமல், அன்று மாலை கரிச்சான் தானாகவே அத்திமரத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தது. நத்தை எப்படி நடந்திருக்கும், சுடுகல்லில் அதன் வயிறு எப்படி எரிந்திருக்கும், நடுவழியில் தன் தாகத்துக்கு ஒரு வாய் குடித்துவிடலாமா என்று அது எப்படி நின்று யோசித்திருக்கும் என்றெல்லாம் சொன்னது. காட்ட ஒன்றும் இல்லை, வேஷம் இல்லை. அந்தச் சின்னக் குரல்தான். கடைசியில், “வானம் இருட்டிச்சு. முதல் துளி அந்த ஓட்டு மேல விழுந்துச்சு” என்று சொல்லிவிட்டு நிறுத்தியது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று சிறுத்தை யாரையும் துரத்தாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து காடு முழுக்க ஒரே பேச்சு. “நத்தை வெளிய வந்திருக்கும்” என்றன சில. “வராது, அது எப்பவோ போயிருச்சு” என்றன சில. குரங்குகள் கிளை கிளையாகப் பிரிந்து நின்று சண்டை போட்டன. கேளையாடு என்னும் சின்ன மான் ஒன்று அந்தக் காட்டில் இருந்தது. அந்தக் கோடையில்தான் அதன் குட்டி தண்ணீரில்லாமல் செத்துப்போயிருந்தது. அது யாரோடும் வாதாடவில்லை. காலையில் புல் மேயப் போகும்போது, “வந்திருக்கும், வந்திருக்கும்” என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும். சொல்லிக்கொண்டால் நடக்கத் தெம்பு வரும்.

அத்திமரத்தின் உச்சியில் ஒரு மலையணில் குடியிருந்தது. பூனை அளவு உடம்பு, அதைவிடப் பெரிய வால், ஓயாத வாய். கூட்டம் சேர்ப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. நல்ல மனசுதான், ஆனால் எதையும் சும்மா விடத் தெரியாது. அது கரிச்சானிடம் வந்தது.

“தம்பி, காடே கேக்குது. நத்தை வெளிய வந்துச்சா, இல்லையா?”

“எனக்கே தெரியாதே அண்ணே.”

“தெரியாட்டி என்ன? தெரிஞ்ச மாதிரி சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”

“கதை அதோட முடிஞ்சுபோச்சு அண்ணே.”

“நீ முடிச்சுட்டே. அவங்க முடிக்கலையே! மாலையானா உன் கிளையையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இதுக்கு முன்னால யாராவது உன்னை இப்படிப் பாத்திருக்காங்களா?”

கரிச்சான் கீழே பார்த்தது. அத்திமரத்தடியில் மான்களும் மந்திகளும் காட்டுக்கோழிகளும் கழுத்தை நீட்டி நின்றன. வாழ்நாளெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்காத குருவிக்கு அது எப்படி இருந்திருக்கும்! “சரி, சொல்றேன்” என்றது.

அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

இரண்டாம் பாகம் என்ற பெயரை மலையணில்தான் வைத்தது. மரத்துக்கு மரம் தாவித் தாவி, “நத்தை திரும்பி வருது! நத்தை திரும்பி வருது!” என்று கத்தியது. முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம்.

“தம்பி, இவ்வளவு பேர் வந்திருக்காங்க. வெறும் வாயால சொன்னா போதாது. பாக்க ஏதாவது வேணும்” என்றது மலையணில்.

கரிச்சான் ஒரு காலி நத்தை ஓட்டை எடுத்துக் கிளையில் வைத்தது. அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. யோசித்துவிட்டு, தன் வாலை வளைத்து, ஓரத்து இறகிலிருந்து கொஞ்சம் கறுப்புத் தூவியைப் பிய்த்து, ஓட்டின் வாயில் பிசின் வைத்து ஒட்டியது. நத்தைக்கு மீசை முளைத்துவிட்டது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்றைய கதையில் மழைத்துளி பட்டதும் நத்தை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஆற்றைத் தாண்டியது. தவளைக்கு, “அண்ணே, நத்தை அண்ணே!” என்று பின்னால் ஓடுவதைத் தவிர வேறு வேலையில்லை. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மறுநாள் காட்டில் யாரும் எதற்காகவும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. கதையைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் பாகத்தில் நத்தைக்கு ஓர் இரட்டைப் பிறவி வந்தது. முதல் கதையில் தண்ணீர் சுமந்தது அண்ணன், ஆற்றைத் தாண்டியது தம்பி என்று கரிச்சான் சொல்லிவிட்டது. ஒரு பொல்லாத நண்டு வந்தது. இரண்டு நத்தைக்கும் மீசை வேண்டும், நண்டுக்குத் தாடி வேண்டும். வாலில் இன்னும் கொஞ்சம் தூவி போயிற்று. கூட்டம் பெருகியதால் பின்னால் நிற்பவர்களுக்குச் சின்னக் குரல் எட்டவில்லை. “சத்தம் வேணும் தம்பி, சத்தம்!” என்றது மலையணில். கரிச்சான் கழுகின் கூச்சலைக் கற்றுக்கொண்டது. இருவாட்சி பறக்கும்போது சிறகு எழுப்பும் இரைச்சலைக் கற்றுக்கொண்டது. மரங்கொத்தி, சிலம்பன் குருவி, பூனை என்று யார் குரல் கிடைத்தாலும் எடுத்துக்கொண்டது. நண்டு வரும்போதெல்லாம் கழுகு கத்தியது. சிலர் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

நான்காம் பாகத்தில் நத்தை பறந்தது. பறந்துபோய் ஒரு யானைக் கூட்டத்தையே தனியாக அடித்து வீழ்த்தியது. கதை கேட்க வந்திருந்த நிஜ யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“நம்மள நத்தை அடிச்சுதாமே” என்றது ஒரு யானை.

“வா, போலாம். மூங்கிலாவது திங்கலாம்” என்றது இன்னொன்று.

யானைகள் எழுந்து நடந்தன. அவை போனதும் பின்னாலிருந்தவர்களுக்குக் கிளை நன்றாகத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். கிரீடத்துக்கும் சிறகுக்கும் வாளுக்குமாகக் கரிச்சான் தன் இரண்டு ஓரத்து இறகுகளையும் அலகு எட்டிய வரை பிய்த்திருந்தது. கதை முடிந்து அது நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடியில் சருகுதான் கிடந்தது. முன்னால் அந்தக் கேளையாடு மட்டும் உட்கார்ந்திருந்தது.

“நீங்க போகலையாக்கா?” என்று கேட்டது கரிச்சான்.

“முடியட்டும்னு இருந்தேன் தம்பி.”

“முடிஞ்சிருச்சு.” கரிச்சான் ஒட்டிய மீசையை ஓட்டிலிருந்து பிய்த்துப் போட்டது. “உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?”

கேளையாடு கொஞ்ச நேரம் அசைபோட்டது. “அந்த நண்டை எனக்குப் புடிக்கும்” என்றது.

“நண்டு போன பாகத்துல வந்துச்சுக்கா.”

“ஆமா, போன பாகத்துலதான்.”

இரண்டும் சிரித்துவிட்டன. சிரித்து முடித்ததும் கரிச்சானுக்கு அழுகை வந்தது. “நத்தை வெளிய வந்துச்சுன்னு சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன். உங்களுக்காகவும்தான் சொன்னேன்” என்றது.

“சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீ சொன்னதும் எந்திரிச்சே நின்னுட்டேன்” என்றது கேளையாடு. “ஆனா வெளிய வந்தது என் நத்தை இல்ல தம்பி. அது யாரோ மீசை வச்சவன்.”

கரிச்சான் தலையைத் தொங்கப்போட்டது.

“அப்புறம் ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் முன்னால வந்து உக்காந்தீங்க?”

“அந்த முதல் கதையைச் சொன்னவன் நீதானே? எங்கயாவது ஒரு இடத்துல அது எட்டிப் பாக்காதான்னு வந்தேன். பாத்துச்சு. மூணாவதுல, சண்டையெல்லாம் நடக்கும்போது தவளை தனியா நின்னு ‘மழை வருமா?’ன்னு கேட்டுச்சே, ஞாபகம் இருக்கா?”

“அது நானா யோசிச்சு வச்சதில்லக்கா. தானா வந்துச்சு.”

“அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. அதுக்காகவே நாலாவதுக்கும் வந்தேன்.”

கரிச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தது. “அக்கா, முதல் கதையைத் திரும்பச் சொல்லட்டுமா? உங்களுக்கு மட்டும். மீசை இல்லாம, ஒண்ணும் இல்லாம.”

“சொல்லு சாமி” என்று கேளையாடு முன்னங்காலை மடித்துக்கொண்டது.

கரிச்சான் வாயைத் திறந்தது. கழுகு கத்தியது. வாயை மூடி, மறுபடி திறந்தது. மரங்கொத்தி சிரித்தது. தொண்டைக்குள் தேடித் தேடிப் பார்த்தது. சிலம்பனும் பூனையும் இருவாட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தனவே தவிர, அந்தச் சின்னச் சீழ்க்கையைக் காணோம். நத்தை நடப்பதைச் சொல்லும் குரலை அது எங்கே வைத்ததென்றே தெரியவில்லை.

கேளையாடு எழுந்து வந்து, மூக்கால் அதன் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தது. “கிடைக்கும்போது சொல்லு. நான் எங்க போயிடப் போறேன்” என்றது.

மறுநாள் பொழுது விடிந்ததும் மலையணில் கிளையில் தாவி வந்தது. “தம்பி, கவலைப்படாதே! அஞ்சாம் பாகத்துல நத்தை...” என்று ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் கரிச்சான் அத்திமரத்தை விட்டுப் பறந்தது. வெட்கம் அதை விரட்டியது. காட்டின் உள்ளே உள்ளே போய், ஆளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தன் குரலைத் தேடிக் கூவிப் பார்த்தது. முதலில் சிலம்பன் குரல் வந்தது. அடுத்து மரங்கொத்தி குரல் வந்தது.

பக்கத்துப் புதரில் சலசலப்பு. சிலம்பன்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தன. அடுத்து மரங்கொத்தி வந்தது. பிறகு ஈப்பிடிப்பான், சின்னச் சின்னக் குருவிகள் எல்லாம் வந்தன.

“எதுக்கு வந்தீங்க? சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றது கரிச்சான்.

“கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு” என்றது சிலம்பன். “நாலாவது நல்லாவே இல்லைன்னு நாங்க எல்லாரும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். ஒளிச்சுச் சொல்ல என்ன இருக்கு? ஆனா உன் சத்தம் கேட்டதும் உக்காந்திருக்க முடியல. ஒருவேளை இன்னிக்கு அந்த மாதிரி ஒண்ணு சொல்லிட்டா? நாங்க இல்லாமப் போயிட்டா?”

கரிச்சான் எழுந்து அடுத்த மரத்துக்குப் பறந்தது. அவ்வளவு பேரும் பின்னாலேயே பறந்தார்கள். வழியில் கிளம்பிய பூச்சிகளை எல்லோருமாகப் பிடித்துத் தின்றார்கள். கீழே, புல்லை மேய்ந்தபடி கேளையாடும் அந்தப் பக்கமாகவே நடந்தது.

மலைக்காட்டுக்குப் போனால் இன்றும் அந்தக் கரிச்சானைப் பார்க்கலாம். வாலின் இரண்டு ஓரத்திலும் கம்பி மாதிரி வெறும் தண்டு நீண்டிருக்கும், நுனியில் மட்டும் துடுப்புப் போல ஒரு கொத்துத் தூவி ஆடும். தன் வாலின் நுனியைத் தன் அலகால் எட்ட முடியுமா? அதனால் அந்த நுனித் தூவி தப்பித்துக்கொண்டது. ஊரார் குரல் அத்தனையிலும் அது பேசும். இடையில் எப்போதாவது, ரொம்ப அபூர்வமாக, ஒரு மெல்லிய சீழ்க்கை வந்தது போல இருக்கும், அடுத்த கணம் பூனை கத்திவிடும். அது போகுமிடமெல்லாம் விதவிதமான பறவைகள் கூட்டம் கூட்டமாகப் பின்னால் போகும்.

முதல் கதை ஒன்று மனசில் உட்கார்ந்துவிட்டால், நாலாம் பாகத்தைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தவர்களும் ஐந்தாம் பாகத்துக்கு முன்வரிசையில் இடம்பிடிக்க ஓடுவது அன்றைய காலையில் தொடங்கியதுதான்.