வெள்ளிவிழாப் பிணம்

சாலிகிராமத்தில் துணை நடிகர்கள் வேனுக்காகக் காத்திருக்கும் டீக்கடை ஒன்று உண்டு. அங்கே யாரும் சும்மா டீ குடித்துவிட்டுப் போவதில்லை. தன்னால்தான் தமிழ் சினிமா இன்னும் பிழைத்துக் கிடக்கிறது என்று நிரூபித்துவிட்டுத்தான் கிளாசைக் கீழே வைப்பார்கள். நானும் அந்த ரகம்தான். கூட்டத்தில் நடந்துபோகிற வேஷம் எனக்கு. ஆனால் அமிர்தலிங்கம் அண்ணன் இருக்கும்போது எங்கள் பாச்சா எதுவும் பலிக்காது.

அண்ணனுக்கு ஒரே வேஷம், பிணம். மூக்கில் பஞ்சு வைத்துப் படுத்தால் படுத்ததுதான். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிற வேஷம் ரெங்கநாயகி அக்காவுக்கு. அன்றைக்கும் அக்கா ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் தண்டபாணி வேனோடு வந்து இறங்கினார். பண்ணையார் சாவு சீனாம். படுப்பதற்கு ஒரு ஆளும் அழுவதற்கு ஒரு ஆளும் வேண்டுமாம். அண்ணனுக்கோ ஆறு மாதமாக யாரும் ஒரு சாவு கொடுக்கவில்லை. அவர் செத்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"டைரக்டர் கோமதிநாயகம் வரிசையா பதினோரு படம் வெள்ளிவிழா கொடுத்தாரே, எப்படின்னு நினைக்கிறீங்க?"

"கதை நல்லா இருந்துச்சு" என்றார் மேனேஜர்.

"கதையா! ஏன் சார், பதினோரு படத்துலயும் ஒரே கதைதானே? அண்ணன் தம்பி பிரிவாங்க, சேருவாங்க. அதை எவன் பார்ப்பான்? படம் ஓடினது பொணத்துக்காக. பதினொண்ணுலயும் பொணம் நான்தான். முதல் படத்துல என்னைக் கொண்டுபோய் எறும்புப் புத்து பக்கத்துல கிடத்திட்டாங்க. சிவப்பெறும்பு. மேலெல்லாம் ஏறுது, கடிக்குது. நான் அசையலையே! பார்த்துச்சுங்க எறும்புங்க. கூடி உட்கார்ந்து பேசிச்சுங்க. ஆள் போயிட்டான்னு முடிவு பண்ணி, என்னை அப்படியே புத்துப் பக்கமா தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சிருச்சு. கேமராமேன் அதை டிராலி ஷாட்டுன்னு நினைச்சு எடுத்துட்டார். அந்த வருஷம் அவருக்கு அவார்டு!"

எந்தப் படமானாலும் கான்ஸ்டபிள் வேஷம் கட்டுகிற சகாயராஜ் சிரித்துவிட்டான். "எறும்பு ஆளைத் தூக்குமாண்ணே?"

"சிவப்பெறும்பு தம்பி. கருப்பெறும்புன்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்."

மேனேஜர் டீயை உறிஞ்சினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது படத்துல என்னைப் பாடையில வச்சு ஊர்வலம் எடுக்குறோம். ரோட்டுல போன சனமெல்லாம் நிஜச் சாவுன்னு நினைச்சு பின்னாடியே வந்துருச்சு. எதிர்ல வந்த கல்யாண ஊர்வலம் அப்படியே திரும்பி எங்ககூட நடக்குது. மாப்பிள்ளை எனக்குத் தோள் கொடுக்குறாரு! சுடுகாட்டுல கிராம அதிகாரி கையோட சர்ட்டிபிகேட் எழுதிட்டார். இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டு ரேஷன் கார்டுல என் பேரு கிடையாது."

"போன எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டு வந்து விரலைக் காட்டுனீங்களே?" என்றான் சகாயராஜ்.

"செத்தவன் ஓட்டுப் போடுறது நம்ம ஊர்ல என்ன புதுசா? குறுக்கே பேசாதடா" என்று அண்ணன் ஒரு அதட்டு அதட்டிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "அந்தப் படம் திருமங்கலத்துல ரிலீஸ் ஆச்சு சார். படம் விட்டு வந்த சனம் ஒருத்தரும் நேரா வீட்டுக்குள்ள நுழையலை. சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி வாசல்லயே தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் உள்ள போச்சு. தினம் நாலு காட்சி. ஊர்க் கிணறெல்லாம் வத்திப்போச்சு. ஒண்ணு படத்தை நிறுத்து, இல்லேன்னா அணையைத் திறன்னு கலெக்டர் தந்தி அடிச்சாரு. படத்தை நிறுத்தினா சனம் சும்மா விடுமா? அணையைத் திறந்தாங்க. அந்த வருஷம் அந்தப் பக்கம் மூணு போகம் விளைஞ்சுது."

அக்கா பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"அப்புறம் கோமதிநாயகம் என்னை விடுவாரா? அதே அண்ணன் தம்பி கதையைக் கல்யாணக் காமெடியா எடுக்குறாரு. அதுல சாவே கிடையாது. 'அமிர்தலிங்கம் சாகாம நான் ஸ்டார்ட் சொல்ல மாட்டேன்'னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. கடைசியில மண்டபத்துப் பரண் மேல என்னைப் படுக்க வச்சுட்டுக் கீழே தாலி கட்டினாங்க. அதுக்கடுத்தது அதே அண்ணன் தம்பியை வச்சு ஒரு சாமி படம். தேவலோகத்துல சாவுக்கு எங்க போறது? இந்திரன் சிம்மாசனத்துக்குக் கீழே, புகை போடுவாங்க இல்ல, அந்தப் புகைக்குள்ள செத்துக் கிடந்தேன். ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலை. படம் ஒரு வருஷம் ஓடுச்சு."

"அப்புறம் ஏன் பன்னிரண்டாவது படம் படுத்துச்சு?" என்று கேட்டார் மேனேஜர். முதல் தடவையாக அவர் கேட்ட கேள்வி. அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"அப்படிக் கேளுங்க. எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. ஒரு பொம்மையைப் படுக்க வச்சு எடுத்துட்டாங்க. பொணம் எடுத்து முடிச்சா என்ன செய்யணும் சார்?"

இது மட்டும் புளுகு இல்லை. பிணமாக நடித்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதையும் படம் எடுப்பார்கள். அபசகுனம் கழிவதற்காக. சிரிக்காமல் போனால் படத்துக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை.

"பொம்மை சிரிக்குமா?" அண்ணன் தொடையில் தட்டினார். "யூனிட்டே சுத்தி நின்னு கெஞ்சுது. சிரிப்பு நடிகரைக் கூட்டிட்டு வந்து ஜோக்கு சொல்ல வச்சாங்க. ம்ஹூம்! படம் முதல் நாளே போச்சு. தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவர், கிழிக்க ஒரு டிக்கெட்டும் இல்லாம சட்டையைக் கிழிச்சுக்கிட்டார்."

"சரி, உங்களை நிஜமாவே எமன் வந்து பார்க்கலையாக்கும்?" என்று சகாயராஜ் கிண்டலாகக் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"வந்தானே! பதினோராவது படத்துக்கு. கேட்டுல வாட்ச்மேன், இவனும் துணை நடிகன்னு நினைச்சு டிபன் வரிசையில நிக்க வச்சுட்டான். ரெண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுட்டு என்கிட்ட வர்றான். உத்துப் பார்க்குறான். மூச்சு இல்லை. வெலவெலத்துப் போய்ட்டான் சார். 'ஐயோ, நான் கூப்பிடாமலே போய்ட்டியே, மேலிடத்துல நான் என்ன பதில் சொல்வேன்?'னு என் காலைப் பிடிச்சு அழுறான். அழுதுட்டு, 'என்னைப் பொறுத்த வரைக்கும் நீ செத்தாச்சு, இனிமே உன் வாசல் பக்கமே வர மாட்டேன்'னு சத்தியம் பண்ணிட்டுப் போனான்."

"எருமை?"

"எருமையை அடுத்த சீனுக்கு நிறுத்திக்கிட்டாங்க. அதுக்கு டபுள் பேட்டா."

டீ மாஸ்டர்கூட சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எல்லாம் சரிண்ணே. ஆனா பொணம் பேசக் கூடாது. நான் வந்ததுலேருந்து நீங்க வாயே மூடலை. எங்க படத்துல லைவ் சவுண்டு வேற, பேசினா அப்படியே பதிவாயிரும்."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. எனக்கே என்னவோ போலிருந்தது. இத்தனை பேசியதும் இந்த ஒரு சாவுக்குத்தானே? "சார், ஒரு சான்ஸ் கொடுங்க" என்றார். அந்த நான்கு வார்த்தைகளிலும் புளுகு இல்லை.

மேனேஜர், டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவரைக் கைகாட்டினார். "டிரைவர் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம படுத்துக் காட்டுங்க. திறக்கலைன்னா வேலை உங்களுக்கு."

அண்ணன் பெஞ்சில் மல்லாந்தார். கண்ணை மூடினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பிணமாகத்தான் இருந்தார். சகாயராஜுக்குக் குசும்பு அடங்குமா? அவர் காதருகே போய், "அந்தப் பதினொண்ணுல ரெண்டு படத்துல வேற யாரோ படுத்ததா கேள்விப்பட்டேனே" என்றான். அண்ணன் தொண்டை ஏறி இறங்கியது. "அந்த எறும்புகூட கருப்புதானாமே" என்றான். உதடு துடித்தது. அடுத்த நொடி திறந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ரெங்கநாயகி அக்கா ஸ்டூலை உதைத்துவிட்டுப் பாய்ந்து வந்தாள். "என் ராசா! என்னைத் தனியா விட்டுட்டுப் போய்ட்டியே!" என்று அவர் மேலேயே விழுந்தாள். முந்தானை அவர் வாயை மூடிக்கொண்டது. என்ன அழுகை! ரோட்டில் போன ஆட்டோக்கள் நின்றன. டீ மாஸ்டர் ரேடியோவை நிறுத்தினார். டிரைவர் பாதி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். யாரோ ஒரு பெரியவர் பூக்கடைக்கு ஓடி மாலையே வாங்கி வந்துவிட்டார். சகாயராஜ் தன் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "அம்மா, நீங்க வேன்ல ஏறுங்க. இந்த அழுகைக்கு யார் படுத்தாலும் படம் ஓடும். படுக்க நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

அண்ணன் என்ன செய்வார்? வாயைத் திறந்தால் பந்தயம் போச்சு. திறக்காவிட்டால் வேலை போச்சு. மாலைக்கு அடியில் அப்படியே கிடந்தார். மூடிய கண்ணோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் இறங்கியது.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "வேற ஆளைப் பார்த்தா எனக்கு அழுகை வராது சார். இவர் மூஞ்சியைப் பார்த்தாத்தான் வரும்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ரெண்டு பேருமே ஏறுங்க. அப்படி என்னம்மா இவர் மேல பாசம்?"

"பாசமும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றாள் அக்கா. "இருபது வருஷமா பொணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து இந்தக் கதையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கேன். அழாம என்ன சார் செய்வேன்?"