பூதக்குறிச்சி ராஜாவுக்கு லினக்ஸ் தேர்ந்த கதை

பூதக்குறிச்சி ஜமீனில் இப்போது யானை கிடையாது, பல்லக்கு கிடையாது. அரண்மனையில் பாதியைக் கல்யாண மண்டபமாக்கியாயிற்று. ஆனால் ராஜா இருக்கிறார். ராஜா இருந்தால் சபை வேண்டும். சபை இருந்தால் அதில் ஒரு புத்திசாலி வேண்டும். தகுந்த ஆள் கிடைக்காததால் என்னை வைத்திருக்கிறார்கள். பெயர் உலகநாதன். அரண்மனைப் புத்தகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

ராஜா மகுடேஸ்வரருக்குப் போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இனி டென்னிஸ் கூடாது என்றார் டாக்டர். அப்பா முகம் வாடுவதைப் பார்த்த மகள், ஒரு பெரிய கேமிங் கம்ப்யூட்டரையும் கையில் வைத்து ஆடும் சின்னக் கருவி ஒன்றையும் வாங்கி அனுப்பினாள். அறுபத்திரண்டு வயதில் ராஜா கார் பந்தயத்தில் இறங்கினார். ஆனால் வண்டி கடைசி வளைவில் திரும்பும் நேரம் பார்த்து, அப்டேட் நடக்கிறது, பொறுங்கள் என்று திரை நின்றுவிடும். ராஜா மூன்று கோப்பைகளை அப்படி இழந்தார்.

வாயைக் கொடுத்தது நான்தான். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை மாற்றி லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று சபையில் சொல்லிவைத்தேன். அப்போது எனக்கு லினக்ஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் பெயர்தான். பிறகுதான் தெரிந்தது, அது ஒன்றல்ல. ஒரே மாவில் சுட்ட பலகாரம் மாதிரி நூறு வகை. விளையாட்டுக்கென்றே செய்த வகைகள் மட்டும் ஒரு தட்டு நிறைய.

மூன்று வாரம் படித்தேன். ஒன்றைப் புகழ்ந்து ஒருவன் எழுதியிருந்தால், அதன் கீழேயே அவனைத் திட்டிப் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். நோட்டில் அட்டவணை போட்டேன். பத்து வகை, ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு கட்டம். முடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மதிப்பெண். சோதனைக்காகப் புத்தகசாலைக் கம்ப்யூட்டரில் ஒன்றை ஏற்றினேன். ஏற்றும்போது தவறான டிஸ்கைக் காட்டிவிட்டேன். பதினோரு வருஷமாக நான் எழுதிவந்த ஜமீன் வரலாறு, மொத்தம் பதினான்கு பக்கம், அழிந்துபோயிற்று. யாரும் வருத்தப்படவில்லை.

மானேஜர் கோமதிநாயகம் மட்டும் சந்தோஷப்பட்டார். புத்தகசாலையைக் காலி செய்தால் மண்டபத்துக்குப் பந்தி போட இடம் கிடைக்கும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மறுநாள் சபையில் பணிவாக எழுந்து நின்றார்.

"உலகநாதன் பெரிய படிப்பாளி, மகாராஜா. அவர் தேர்ந்தெடுக்கிறதைவிட நல்லது ஒண்ணு இருக்கவே கூடாது. இருக்குன்னு நான் காட்டிட்டா, புத்தகசாலைச் சாவியை எங்கிட்ட கொடுத்திரட்டும்."

ராஜாவுக்குப் போட்டி என்றால் பிடிக்கும். உடனே ஒப்புக்கொண்டார். "வெள்ளிக்கிழமை காலையில நாயகம் குறை சொல்லட்டும். அது எனக்குக் குறையாப் பட்டா சாவி அவருக்கு" என்றார்.

நோட்டை மறுபடி புரட்டினேன். ஒன்று வேகமாக இருந்தால் இன்னொன்று உறுதியாக இருக்கும். ஒன்று கம்ப்யூட்டருக்கு வாகாக இருந்தால் இன்னொன்று கைக்கருவிக்கு வாகாக இருக்கும். எல்லாவற்றையும் மிஞ்சுகிற ஒன்று உலகத்தில் இல்லை. அதை நாயகமும் எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

வேறு வழி தெரியாமல் ராஜாவிடமே போனேன். மகாராஜா என்னென்ன ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று வாரமாக இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கார் பந்தயம், அலுத்தால் மீன் பிடிக்கிற ஆட்டம், அவ்வளவுதான் என்றார். நோட்டை மூடினேன். அந்த இரண்டும் ஓட வேண்டும், இரண்டு கருவியிலும் ஏற வேண்டும், ஆட்டத்தின் நடுவே குறுக்கிடக் கூடாது. அப்படி ஒன்றை எடுத்து, இந்தத் தடவை டிஸ்கை நாலு முறை சரிபார்த்து ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை நாயகம் பெரிய காகிதக் கட்டோடு வந்தார். நான் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவர் குறை சொல்லும்போது மகாராஜா விளையாடிக்கொண்டே கேட்க வேண்டும், அப்போதுதானே குறை உண்டா இல்லையா என்று அங்கேயே ஒத்துப் பார்க்க முடியும் என்றேன். அது நியாயம்தான் என்று நாயகமே சொன்னார்.

பந்தயம் தொடங்கியது. வேறொரு வகை இதைவிட நாலு நொடி சீக்கிரம் திறக்கும் என்று நாயகம் வாசித்தார். ராஜா "ம்" என்றார். மற்றொன்றில் எல்லாமே இதைவிடப் புதுசு என்றார். ராஜா முதல் கோப்பையை ஜெயித்தார். கால் வலித்ததால் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, கைக்கருவியோடு ஊஞ்சலில் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்தே ஓட்டினார். நாயகமும் காகிதத்தோடு பின்னாலேயே போய் நின்றார்.

"நாயகம், கொஞ்சம் தள்ளி நில்லும். வெளிச்சத்தை மறைக்கிறீரு."

நாயகம் தள்ளி நின்று வாசித்தார். ராஜா மீன் பிடிக்கப் போய்விட்டார். சாப்பாட்டு மணி அடித்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார். நாயகத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"என்னமோ சொல்லிட்டிருந்தீரே, நாயகம். அது கெடக்கட்டும். ஓய் உலகநாதன், இதுக்குப் பேரு என்ன?"

நான் கைகட்டி நின்றேன். "மகாராஜா இதில் ரெண்டு மணி நேரம் ஆடியிருக்கீங்க. உள்ளே ஓடுறது எதுன்னு இப்ப வரைக்கும் கேட்கவே தோணலை. இதைவிட நல்லது ஒண்ணு இருந்தா நாயகம் காட்டட்டும்."

ராஜா ஊஞ்சல் சங்கிலி குலுங்கச் சிரித்தார். நாயகம் காகிதங்களை மடித்துக்கொண்டார். சாவி என் இடுப்பிலேயே தங்கியது. எனக்கு ஒரு பட்டு வேட்டியும், ஆஸ்தானக் கம்ப்யூட்டர் வித்துவான் என்ற பட்டமும் கிடைத்தன.

வேட்டியைக் கட்டிப் பார்ப்பதற்குள் பட்டம் வேலையைக் காட்டிவிட்டது. ராஜாவின் சம்பந்தி வீட்டில் பிரிண்டர் ஓடவில்லையாம். வித்துவானை உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.