பூட்டு ஃபைல்

அந்தக் கல்லூரியின் கணினி மையத்தில் குரு இளையவள், சீடர் மூத்தவர். ஜெசிந்தாவுக்கு முப்பது வயது. ஆவுடையப்பனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஸ்டோர் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர், பழையதைக் கழித்துக்கட்டுவதில் கைதேர்ந்தவர். அவளிடம்தான் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அவர் "மேடம்" என்பார், அவள் "அண்ணாச்சி" என்பாள்.

அன்று காலை அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் படிவம் போனில் வந்திருந்தது. அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தினார்.

"என் தம்பி பேரு வேண்டாம், எடுத்திருங்க. மிச்சத்தைப் பாத்துட்டு மத்தியானம் சொல்லுதேன்."

ஜெசிந்தா காதிலும் அது விழுந்தது.

போனை வைத்தவர் திரையைக் காட்டினார்.

"மேடம், இந்த டிஸ்க்ல அநாதை ஃபைல் கொஞ்சம் கெடக்கு. அழிச்சிரட்டுமா?"

"அநாதைன்னு எப்படித் தெரியும்?"

"பட்டியல்ல இதுக்குச் சொந்தமா ஒரு பேரும் இல்லியே."

"பேரை யாரு எடுத்தா?"

ஒரே பெரிய சர்வருக்குள் மென்பொருளாலேயே ஆன பல கணினிகள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள், ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. அவற்றின் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் வெளியே ஒரு டிஸ்க்கில். முந்தின நாள் அந்த டிஸ்க்கின் இணைப்பு அறுந்தபோது, நூலகத்தின் மெஷின் பட்டியலில் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆவுடையப்பன் அது செத்தே போயிற்று என்று முடிவுகட்டிப் பெயரை நீக்கிவிட்டார். பிறகு இணைப்பு திரும்பி வந்தது. சாமான் இருந்தது, பெயர் இல்லை.

"நாந்தான் மேடம்."

"திரும்பக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"பாருங்க."

அவள் சொல்லச் சொல்ல, அவர் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்துப் பட்டனை அழுத்தினார். மெஷின் எழவில்லை.

"அதான் சொன்னேம்லா, செத்துட்டு."

"உள்ளே பாருங்க. பூட்டு ஃபைல் ஒண்ணு கெடக்கும்."

கிடந்தது. மெஷின் ஓடும்போது வேறு யாரும் தொடாமலிருக்க வைத்துக்கொள்ளும் சின்ன ஃபைல் அது. அது கிடக்கும்வரை மெஷின் மறுபடி எழாது.

"இதை யாரு போட்டா மேடம்?"

"அதுவே போட்டுக்கிட்டது. ஓடிக்கிட்டு இருக்கையிலயே அறுந்துட்டுல்லா, எடுக்க நேரமில்லை. வேற யாரும் உள்ளே இல்லைன்னு நான் பாத்துட்டேன். இதை மட்டும் அழிங்க."

அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். சாம்பல் பச்சையானது. நூலகத்தின் பக்கம் திறந்தது. அத்தனை புத்தகமும் அப்படியே இருந்தது.

ஆவுடையப்பன் திரையை விட்டுவிட்டுப் போனில் பத்திரிகையைத் திறந்தார்.

"அப்பா காரியத்தன்னைக்குத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை விட்டுட்டேன் மேடம். அவனும் விட்டான். வருசக்கணக்கா அப்படியே நிக்கு."

அவள் தலையசைத்தாள்.

மறுபடி அச்சகத்துக்காரர் அழைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் ஆவுடையப்பன். "ஒரு பேரு விட்டுப்போச்சு."

அந்த அழைப்பை முடித்துவிட்டுத் தம்பியின் எண்ணைத் தேடி எடுத்தார். விரல் அதன்மேல் போய் நின்றுகொண்டது.

"நான் கூப்பிட்டா எடுப்பானா மேடம்?"

ஜெசிந்தா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்த மெஷின் எந்திரிக்கும்னு தெரிஞ்சுதான் பட்டனை அழுத்துனீங்களா அண்ணாச்சி?"